கச்சதீவில் ஓர் இரவும் இரண்டு நற்செய்திகளும்

கச்சதீவுக்குப் போகிறவர்களிடம் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "தண்ணி எவ்வளவு கொண்டு போறியள்?" என்பதுதான். 285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவில் மனிதர் குடியிருப்பதில்லை. குடிக்கத் தகுந்த நீரும் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கோடி அற்புதர் என்று மக்கள் அழைக்கும் புனித அந்தோனியாரின் திருவிழாவுக்காக ஆலயத்தைச் சுற்றி ஓர் ஊர் எழும்பி, ஓர் இரவு தங்கி, மறுநாள் நண்பகலுக்குள் கலைந்துவிடும். 2025ஆம் ஆண்டுத் திருவிழா மார்ச் 14, 15ஆம் திகதிகளில் நடைபெற்றது. நான் ஐந்து லீற்றர்க் கலன் ஒன்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். அதற்கு மேலதிகமாக, பையின் அடியில் துவாய்க்குள் சுற்றி இரண்டு போத்தல்களையும் வைத்தேன். யாருக்கும் தெரியாமல் வைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

என்னோடு புறப்பட்டவர் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராகையால் நான் அவரை அண்ணை என்று அழைப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவன் என்பதால் அவர் என்னை மாஸ்ரர் என்பார். அன்பியம் என்பது பங்கின் பத்துப் பதினைந்து வீடுகள் ஒன்றாகச் சேர்ந்து, வீடு மாறி வீடு கூடி, நற்செய்தியை வாசித்து, அதைத் தங்கள் அன்றாட வாழ்வோடு ஒப்பிட்டுப் பேசிச் செபிக்கும் சிறு கூட்டம். எங்கள் கூட்டத்தில் வாசிப்பதும் விளக்கம் சொல்வதும் பெரும்பாலும் என் வேலையாக இருந்தது. முந்தைய ஐப்பசியில் ஒருநாள், நகையை அடகு வைத்து வாங்கிய வலையை ரோலர் எனப்படும் இழுவைப் படகு ஒன்று இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போய்விட்டதாக அண்ணை அந்தக் கூட்டத்தில் சொன்னார். நான் மிகுந்த பக்தியோடு, "இந்தக் கருத்துக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவோம்" என்று கூறி, அது முடிந்ததும் அடுத்த கருத்துக்குப் போய்விட்டேன். பிறகு ஐந்து மாதங்களில் நான் கரையோரக் கொட்டிலான அவருடைய வாடிப் பக்கம் ஒருநாள்கூடப் போகவில்லை.

பாக்கு நீரிணையில் ரோலர்கள் கடலடியை வாரும் அடிமடி வலையை இழுத்துக்கொண்டு வரும்போது கரையோரச் சிறுதொழிலாளர் விரித்திருக்கும் வலைகள் அகப்பட்டு நாசமாவது வடபகுதியில் பல்லாண்டுத் துயரம். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் கடலில் சட்டம் எப்போதும் கூடவே மிதந்து வருவதில்லை. எதிர்க்கரையிலும் துயரம் உண்டு. அங்கிருந்து வருகிற கூலித் தொழிலாளர் கைதாகிச் சிறையில் கிடக்க, அவர்களுடைய குடும்பங்கள் பட்டினி கிடக்கின்றன. 2024இல் இந்தக் காரணத்தாலேயே தமிழகப் பக்தர்கள் கச்சதீவுத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். ஆகவே இம்முறை அவர்கள் வருவார்கள் என்று அறிந்தபோது, அண்ணை அங்கே யாரைச் சந்திக்கப் போகிறார் என்ற கேள்வி எனக்குள் இருந்தது. அவரிடம் கேட்டேன். "கோடி அற்புதரிட்டை நேரை போய் வலையைக் கேக்கப் போறன் மாஸ்ரர். காணாமல் போனதை எடுத்துத் தாறவர்தானே" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். அங்கே பதிவும் சோதனையும் நீண்ட வரிசையுமாக இருந்தது. வெயில் ஏற ஏற வரிசையில் நின்றவர்களின் செபமாலையும் தளர்ந்தது. முண்டியடித்தவர்களோடு சிலர் வாக்குவாதப்பட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன். தவக்காலத்தில் இறைச்சியை விடுவது எளிது. முன்னால் புகுந்தவனை விடுவதுதான் கடினம்.

படகு நயினாதீவை விலக்கி, நெடுந்தீவைக் கடந்து திறந்த கடலுக்குள் போனபோது நான் அன்றைய வாசகத்தை எடுத்தேன். 2025ஆம் ஆண்டின் அந்த வெள்ளி தவக்காலத்தின் முதல் வாரத்து வெள்ளி. திருச்சபை அந்த நாளுக்குக் குறித்திருக்கும் நற்செய்தி மத்தேயு ஐந்தாம் அதிகாரம், 20 முதல் 26 வரை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. படகிலிருந்தவர்கள் கேட்பதற்காக உரத்து வாசித்தேன். அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

படகில் இருந்த வயதான அம்மா ஒருவர், ஏன் ஜூன் 13இல் வரும் அந்தோனியார் திருநாளை இங்கே அந்த நாளில் கொண்டாடுவதில்லை என்று தன் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று பலத்து வீசும். வாடைக் காற்று அடங்கி, சோழகம் எழாமல் கடல் தூங்குகிற இடைக்காலத்தில்தான் வள்ளங்கள் இங்கே வரமுடியும் என்பது அவருடைய கருத்து. கடல் தெரிந்தவர்களின் நாட்காட்டி அது. எனக்கு அந்தோனியாரின் வாழ்வு நினைவுக்கு வந்தது. 1195இல் லிஸ்பனில் பிறந்த அவர், மொரோக்கோவில் மறைபரப்பப் புறப்பட்டு, அங்கே நோயுற்றுத் திரும்புகையில் புயல் அவருடைய கப்பலைச் சிசிலியின் கரைக்குத் தள்ளிவிட்டது. போக நினைத்த இடத்துக்குப் போகாமல், காற்றுத் தள்ளிய இடத்தில் தொடங்கிய பணியே 1231இல் பதுவா நகரில் முடிந்தது. கடலோரத்து மக்கள் அவரைத் தங்களவராக வைத்திருப்பதற்குக் காரணங்கள் பல சொல்லலாம். எனக்கு இந்தப் புயல் போதும்.

குருவோ குடியிருப்போ இல்லாத தீவில் ஓர் ஆலயத்தை நிலைநிறுத்துவது எங்கள் மண்ணுக்குப் புதியதல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றிய பின், 1687இல் புனித யோசேப்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தத் தீபகற்பத்தின் விசுவாசத்தைக் காத்தவர்கள் வீடுகளுக்குள் மறைந்து செபித்த சாதாரண மக்கள். அண்மைக் காலத்தில் அன்பியம் என்று நாம் பெயரிட்டிருப்பதை அவர்கள் பெயரில்லாமல் செய்தார்கள். அவர்கள் ஒருவர் வலை போனால் மற்றவர் வாடிக்குப் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கச்சதீவின் மூல ஆலயத்தை இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி 1905இல் கட்டியதாகச் சொல்வார்கள். இலங்கைக் கடற்படையினர் கட்டிய புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. நாங்கள் இறங்கியபோது இராமேசுவரத்துப் படகுகளும் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியப் பக்தர்கள் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் இங்கே வந்துபோகலாம். கொடியேற்றத்தைத் தொடர்ந்து மாலையில் சிலுவைப்பாதை தொடங்கியது. பதினான்கு தலங்களையும் முட்புதர்களுக்கிடையில், சுண்ணாம்புக் கல்லும் மணலும் கலந்த தரையில் நடந்து முடித்தோம். இரண்டு கரையினரின் செபமும் ஒன்றே என்பதை அங்கே கேட்டேன். இளையவர்கள் புதிய மொழிபெயர்ப்பில் செபமாலை சொல்ல, இரு நாட்டு முதியவர்கள் மட்டும், தங்களுக்குள் பேசி வைத்தவர்கள்போல, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று அருள்நிறை மந்திரத்தின் பழைய வடிவத்திலேயே நின்றார்கள். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

திருப்பலியும் திருச்சொரூப பவனியும் முடிந்தபின், ஆலயத்துக்குக் கிழக்கே ஒரு பற்றையோரத்தில் பாயை விரித்தோம். முழுநிலவுக் காலம் அது, ஆகையால் விளக்குத் தேவைப்படவில்லை. பக்கத்தில் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய மனைவி எங்களுக்கு முறுக்குத் தந்தார். நாங்கள் பனங்கட்டி கொடுத்தோம். பேச்சு தொழிலுக்கு வந்தபோது அவர், "நான் விசைப்படகுல கூலிக்குப் போறவன்ணே" என்றார்.

"மடி இழுக்கிறதோ?" என்று அண்ணை கேட்டார்.

அவர் தலையசைத்தார். எனக்கு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடலாம் போல இருந்தது. அண்ணை எழவில்லை. "என்ரை வலைக்குக் கொடி கட்டி மிதப்பும் விட்டிருந்தன் தம்பி. இரவிலை அது ஒண்டும் கண்ணிலை படாதோ?" என்றார். குரலில் கோபம் இருந்தது. மறைக்க முயன்றதாகவும் தெரியவில்லை.

"பொய் சொல்ல மாட்டேண்ணே. சில நேரம் தெரியும். தெரிஞ்சாலும் நிறுத்துற எடத்துல நான் இல்ல. எங்க அண்ணன் மகன் உங்க ஊர்ச் சிறையில மூணு மாசம் இருந்துட்டு வந்தான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு நெடுநேரம் எவரும் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணையும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்பியத்தில் நான் இத்தகைய இடங்களில் ஒரு பாடலைத் தொடங்கிவிடுவேன். இங்கே பாடுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அவருடைய சிறுமகள் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அவர்கள் கொண்டுவந்த கலன் காலியாகியிருந்தது. தண்ணீர் வழங்கும் இடம் தொலைவில் இருந்தது. அண்ணை தன் கலனைத் திறந்து, பிள்ளையின் போத்தலை நிரப்பி, பிறகு மிச்சத்தில் பாதியையும் அவர்களுடைய கலனுக்குள் ஊற்றினார். நான் விழித்திருந்தேன். என் தலைக்கடியில் இருந்த பைக்குள் இரண்டு போத்தல்களும் நிறைந்தபடி இருந்தன. நாளைக்குத் திரும்பும்வரை வேண்டுமே என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் அந்தக் குடும்பம் தங்கள் ஊர்க்காரர்களோடு சேர எழுந்து போய்விட்டது. தமிழிலும் சிங்களத்திலும் திருவிழாத் திருப்பலி தொடங்கியது. அந்த நாளுக்குரிய நற்செய்தி அதே அதிகாரத்தின் பிற்பகுதி, 43 முதல் 48 வரை: பகைவரிடம் அன்பு கூருங்கள், வானகத் தந்தை நல்லோர்மேலும் தீயோர்மேலும் கதிரவனை உதிக்கச் செய்கிறார். பல ஆண்டுகள் இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் பகைவர் என்ற சொல்லுக்கு உதாரணமாக எவரையும் காட்டாமல் பொதுவாகப் பேசி முடித்திருக்கிறேன் என்பது, கிழக்கே எழுந்த வெயில் முகத்தில் அடித்த அந்த வேளையில்தான் உறைத்தது.

காணிக்கை நேரத்தில் அண்ணை என் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தை ஊடறுத்துக்கொண்டு தமிழகப் பக்தர்கள் திரண்டு நின்ற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்ற வரி வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை அந்தக் கூட்டத்துக்குள் நின்றது. சமாதானம் தெரிவிக்கும் வேளையில், முன்னால் நின்ற முன்பின் அறியாத ஓர் இளைஞனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பையன் சற்றுக் குழம்பிப்போய்ச் சிரித்தான்.

திரும்பும் படகில், இரவு நம்மோடிருந்தவரைத் தேடித்தான் போனீர்களோ என்று கேட்டேன். "தேடினனான், காணேல்லை. பிறகு யோசிச்சன். என்ரை வலையை அறுத்தவன் ஆரெண்டு எனக்குத் தெரியாதுதானே மாஸ்ரர். அப்ப ஆருக்குச் சமாதானம் சொன்னாலும் சரிதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "வலையின்ரை காசு இன்னும் நெஞ்சுக்கை நிக்குது. அது வேறை" என்றும் சொன்னார். இப்படிச் சொன்னதனாலேயே முதலில் சொன்னதை நான் நம்பினேன்.

குறிகட்டுவானில் இறங்கிப் பையைத் திறந்தபோது துவாய் அவிழ்ந்து இரண்டு போத்தல்களும் வெளியே உருண்டன. வெயிலில் சூடேறி, தண்ணீர் குடிக்கக் கூடியதாக இல்லை. அண்ணை குனிந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "தண்ணி இருந்திருக்குப் போலை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தவரும் அவர்தான்.

அடுத்த கிழமை அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. மனைவியோடும் பிள்ளைகளோடும் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அந்தப் போத்தல்களின் கதையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஒரு மாமி, தானும் பையின் அடியில் இடியப்பம் ஒளித்துக்கொண்டு மடு மாதா கோவிலுக்குப் போனதாகச் சொல்லி எல்லோரையும் மேலும் சிரிக்கவைத்தார். அன்று விளக்கம் எதுவும் நான் சொல்லவில்லை. ஆளுக்கொரு தொகை போட்டு அண்ணையின் வலைக்கு நூலும் மிதப்பும் வாங்குவதென்று பேசி முடித்தோம். தொகை பெரிதல்ல, ஒரு வலைக்குப் போதாது.

சனி காலை முதல்முறையாக வாடிக்குப் போனேன். மிஞ்சிக் கிடந்த பழைய வலையைக் காலுக்கிடையில் இழுத்துப் பிடித்துக் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கோ மாஸ்ரர், வாசிக்க வந்தனிங்களோ, பொத்த வந்தனிங்களோ?" என்றார். எனக்குப் பொத்தத் தெரியாது என்றேன். ஊசியில் நூல் ஏற்றும் விதத்தைக் காட்டித் தந்து, கிழிந்த பக்கத்தின் ஓரத்தை என் கையில் தந்தார். மத்தியானம்வரை இருந்தும் நான் சரியாகப் போட்டவை நாலைந்து கண்கள்தான். அவற்றிலும் இரண்டை அவர் வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டார்.