எட்டு மூன்றான கதை

பதிவுச் சான்றிதழ் நேற்றுதான் என் பெயருக்கு மாறி வந்தது. கார் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அத்தனை நாளும் 1974-ஆம் ஆண்டு அல்ஃபா ரோமியோ ஸ்பைடர் என்ற கூரையில்லாத இத்தாலியக் கார் ஒன்று, ஓடும் நிலையில் இருந்தும் ஓட்டக்கூடாத வண்டியாகப் போர்வைக்குள் கிடந்தது. காரணம் ஒரே ஓர் இலக்கம். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வாகனப் பதிவு அலுவலக எழுத்தரைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாகச் சொல்லிவிடுவேன்.

அதற்கு முன், முதலில் பார்த்த வண்டி. அது இதைவிடப் பளபளப்பாக இருந்தது. ஆறு மணி நேரம் பயணம் செய்து போய் இறங்கினால், எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்றார் விற்பவர். உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கார்களின் குறைகள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் வெளிப்படும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருந்தால் காலையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்குக் கரகரவென்று அரைக்கும். கியர் ஆயில் சூடானதும் அடங்கிவிடும். எஞ்சினுக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் கெட்டிருந்தால், இரவெல்லாம் நின்ற எஞ்சினை முதலில் கிளப்பும்போதுதான் நீலப்புகை நன்றாகத் தெரியும். சூடான எஞ்சினோடு வரவேற்பவரிடம் சூடான தேநீரை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

நான் திரும்பவில்லை. சிவப்பு மயக்கியிருந்தது. என்னைக் காப்பாற்றியது மெக்கானிக் கொடுத்தனுப்பிய துணி சுற்றிய சிறு காந்தம். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தில் அதை வைத்தேன். பொத்தென்று கீழே விழுந்தது. கூரையில்லாத காரின் உடல் வளையாமல் நிற்பதே அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். அங்கே இரும்பைத் துரு தின்றுவிட்டது. மிஞ்சியிருந்தது ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டியும் அதன்மேல் பெயிண்டும். ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கியதும் தரை தெரிந்தது. காரின் தரை அல்ல, அவர் வீட்டு முற்றத்தின் தரை. மறுபடியும் ஆறு மணி நேரம்.

இரண்டாவது வண்டியை விற்றவர் பெரியவர். பத்தொன்பது ஆண்டுகளாக அவரிடமே இருந்த கார். நான் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று முந்தைய நாளே கேட்டுக்கொண்டேன். போனதும் முதல் வேலையாக ரேடியேட்டர் மேல் கையை வைத்தேன். சில்லென்றிருந்தது. "டாக்டர் மாதிரி தொட்டுப் பார்க்கிறீர்களே, தம்பி" என்று சிரித்தார்.

ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். அடிச்சட்டம் உளுத்திருந்தால் உடல் தொய்ந்து கதவு இடிக்கும், இது இடிக்கவில்லை. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மேலோட்டமான துரு மட்டும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல ஏதோ படிந்திருந்ததைக் கண்டு வயிறு கலங்கியது. இந்த அலுமினிய எஞ்சினில் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, பழுதாவது ஊரறிந்த விஷயம். ஆயில் துளைகளைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் வளையங்கள் இறுகிப்போனால் ஆயிலும் தண்ணீரும் உறவு கொண்டாடத் தொடங்கிவிடும். ஆனால் மூடியில் மட்டும் படிவது, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் தங்கும் ஈரத்தாலும் இருக்கலாம். அளவுக்கம்பியில் ஆயில் தெளிவாக இருந்தது, ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. மெக்கானிக்கைத் தொலைபேசியில் கேட்டதும் "வாங்கலாம்" என்றார். இரண்டாம் கியர் அரைக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். பேரம் பத்து நிமிடம்தான்.

நான் செய்த ஒரே முட்டாள்தனம், முழுப் பணத்தையும் அன்றே கொடுத்தது. பெயர் மாறும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். ஏன் என்பது இதோ.

பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்புறத் தகட்டில் சேசிஸ் எண், அதாவது அந்தக் காருக்கே உரிய அடையாள எண், பொறித்திருக்கும். பதிவுச் சான்றிதழில் இருந்த எண்ணோடு நான் அதை ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததாக என் கண்ணுக்குப் பட்டது. பெயர் மாற்றத்துக்காகப் பதிவு அலுவலகத்தில் வண்டியைக் காட்டியபோது, காகிதத்தில் 3 என்று இருப்பது தகட்டில் 8 போலத் தெரிகிறது என்றார் எழுத்தர். குனிந்து பார்த்தேன். முன்பு யாரோ பானட்டுக்குள்ளும் தாராளமாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்ததில் எட்டின் இடப்பக்கம் பாதி அடைபட்டிருந்தது. எப்போதோ ஒருவர் அதை மூன்று என்று எழுதிவிட்டார். பெரியவரும் அதே மூன்றோடு பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்.

"தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார் எழுத்தர், பக்கத்துக் கடையில் பேனா வாங்கி வரச் சொல்வது போல. ஜன்னலையும் மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்று கை பரபரத்தது. மெக்கானிக் கத்தாத குறை. தகட்டில் கீறல் விழுந்தால் எண்ணைத் திருத்தியதாகத்தான் யாரும் நினைப்பார்கள். பிறகு வண்டியே பறிபோகலாம். பெயிண்ட் கரைப்பானைப் பஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், அதையும் முதலிலிருந்து படம் பிடித்துக்கொண்டே. அப்படித்தான் செய்தோம். ஒரு மணி நேரத்தில் எட்டு முழுசாக எழுந்து வந்தது. அதன் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமர் என்று விட்டுவிட்டேன்.

மிலான் அருகே அரேசெயில் அல்ஃபா ரோமியோ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய உற்பத்திப் பதிவேடுகளைக் காத்துவருகிறார்கள். சேசிஸ் எண்ணை அனுப்பினால், கார் எந்த நாளில் உருவானது, எந்த நிறத்தில், எந்த நாட்டுக்குப் போனது என்று எழுதித் தருவார்கள். கட்டணம் உண்டு, பொறுமையும் வேண்டும். நானோ பொறுமையிழந்து இரண்டாம் முறை அலுவலகத்துக்குப் போய், கரைத்தெடுத்த படங்களைக் காட்டி, திட்டு வாங்கித் திரும்பினேன். மூன்றாம் முறை கடிதம் கையில் இருந்தது. "இது இத்தாலிய மொழியில் இருக்கிறது" என்றார் எழுத்தர். இத்தாலியக் காருக்கு இத்தாலியில் இருந்து வந்த கடிதம் வேறு எந்த மொழியில் இருக்கும்! அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்குங்கள். அதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நான்காம் முறையும் ஒரு முட்டுக்கட்டை. திருத்தம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் பழைய உரிமையாளர், நான் அல்ல. பணத்தை வாங்கிக்கொண்ட வேறொருவர் என்றால் தொலைபேசியைக்கூட எடுத்திருக்க மாட்டார். பெரியவர் மூன்று தடவை பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டார். கடைசி நாளில் அவரே குரலை உயர்த்தியதும் உள்ளறையிலிருந்து ஓர் அதிகாரி எழுந்து வந்தார். டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், "எட்டுதானே" என்றார். முப்பது வினாடி. நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த டார்ச் எங்கே போயிருந்தது?

காப்பீட்டுக்கு ஒரு வரி: மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியாகப் பாருங்கள். சாதாரண பாலிசியில் ஐம்பது வயதுக் காரைப் பழைய இரும்பாக எடை போட்டுவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பை நேற்று இரவுதான் நிதானமாகப் படித்தேன். அதுவரை எண்ணைத் தாண்டி என் கண் போகவே இல்லை. நிறம் என்ற இடத்தில் கரும்பச்சை என்று இருந்தது. நான் எந்தச் சிவப்பைக் கண்டு கிறங்கினேனோ அது யாரோ பிற்பாடு அடித்தது. இத்தாலியப் பந்தயக் கார்களின் நிறம் சிவப்பு என்பதால் இந்தத் தலைவிதி பல கார்களுக்கு வாய்த்திருக்கிறது. உடனே பெரியவரை அழைத்துச் சொன்னேன்.

"நான் வாங்கும்போதே சிவப்புதானே, தம்பி" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பச்சையா? நன்றாகத்தான் இருந்திருக்கும்" என்றார்.

எட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குத் தெரியும் அந்தப் பச்சையின் மேல் இனி பெயிண்ட் பட விடப்போவதில்லை.