நாற்பது அடிப் பீலி

செப்டம்பர் 6

பழைய பிளாஸ்டிக் பீலியை இன்று முழுதாகக் கழற்றினேன். கழற்றினேன் என்பது பெரிய வார்த்தை. கையை வைத்ததும் முட்டை ஓடு மாதிரி உடைந்து கீழே விழுந்தது. இந்த உயரமான பாலைநிலத்து வெயில் பாதி வேலையை முடித்திருந்தது, மீதியைக் குளிர் பார்த்துக்கொண்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பார்கள். நாங்கள் இருப்பது 1,600 மீட்டரில். பிளாஸ்டிக்குக்கு இங்கே ஆயுள் கிடையாது.

கூரை ஓரத்தில் தண்ணீரை வாங்கி இறக்கும் இந்த நீளத் தொட்டியை ‘கட்டர்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதைத் தமிழில் எழுதினால் எதையோ வெட்டும் கருவி மாதிரி இருக்கிறது. இலங்கைத் தமிழர் பீலி என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. இனி பீலிதான்.

“வருஷத்துக்கு நாலு மழை பெய்கிற இடத்துல இது எதுக்கும்மா?” என்றான் மகன். வீட்டு ஓரமாக, கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பறித்திருந்த பள்ளத்தைக் காட்டினேன். அவன் செருப்புக்கால் கணுக்கால் வரை உள்ளே போனது. காய்ந்து இறுகிய மண் தண்ணீரைச் சட்டென்று குடிக்காது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அனுப்பிவிடும். எங்கள் வீட்டில் சரிவு அஸ்திவாரத்தைப் பார்த்து இருக்கிறது.

செப்டம்பர் 13

பீலியைத் தாங்கும் ஓரப் பலகையில் எட்டு அடி உளுத்துப்போயிருந்தது. உளியை வைத்தேன், அழுத்தாமலே உள்ளே போனது. பழைய பீலியை நீள ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பனிக்கட்டிப் பாரத்தில் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர, அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போக, பலகை போய்விட்டது. புதுப் பலகையை நான்கு பக்கமும், அறுத்த முனைகளையும் சேர்த்து, பெயின்ட் அடித்துவிட்டுத்தான் பொருத்தினேன். நாள் முழுக்க இதிலேயே போனது.

செப்டம்பர் 20

இன்று ஏற்றிவிட்டோம். வடக்குப் பக்கம், 40 அடி. 5 அங்குல அலுமினியப் பீலி, பத்தடித் துண்டு நான்கு. மூட்டே இல்லாமல் ஒரே நீளமாக அங்கேயே உருட்டித் தரும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் உண்டு. அது நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் இதை என் கையால் செய்துபார்க்க வேண்டும் என்று எனக்கு வீம்பு.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. ஓரடித் துண்டின் இரண்டு முனையையும் மூடித் தண்ணீர் ஊற்றினேன். நாலரை லிட்டர் பிடித்தது. அப்படியானால் நாற்பது அடியும் நிறைந்து உறைந்தால் 180 கிலோ. மேலே உட்காரும் பனி தனிக் கணக்கு. கொக்கிகளை வழக்கமாக இரண்டு அடிக்கு ஒன்று போடுவார்கள். நான் அடிக்கு ஒன்று போட்டேன். ஆணி இல்லை, எல்லாம் துருப்பிடிக்காத ஸ்க்ரூ, முடிந்த இடத்திலெல்லாம் கூரைச் சட்டத்தின் முனையில் இறங்கும்படி.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, பத்தடிக்குக் கால் அங்குலம். நாற்பது அடிக்கு ஒரு அங்குலம். மேற்கு முனையில் ஆணி அடித்து நூல் கட்டி, கிழக்கு முனையில் ஒரு அங்குலம் கீழே இழுத்துப் பிடித்தோம். தண்ணீர் இறங்கும் முனை ஏன் கிழக்கு? வடக்குச் சுவரில் குளிர்காலம் முழுக்க வெயிலே விழாது. கிழக்கு மூலையில் மட்டும் காலை வெயில் இரண்டு மணி நேரம் படும். இறங்குகுழாய் அங்கே இருந்தால் தினமும் கொஞ்சமாவது இளகும்.

இன்னொன்று, பீலியின் முன் உதடு கூரைச் சரிவின் கோட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கூரைமேல் ஒரு நீளச் சட்டத்தை ஓரம் தாண்டி நீட்டிவைத்து, பீலி அதில் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். இடித்தால், சரிந்து வரும் பனி பீலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மேற்கு முனையில் முன்திண்ணைச் சுவர் வருகிறது. அதில் ஒட்ட வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான் மகன். ஒரு அங்குலம் இடைவெளி விட்டேன். இங்கே ஜனவரி இரவுக்கும் ஜூலை மதிய வெயிலில் காயும் தகரத்துக்கும் 70 டிகிரி வித்தியாசம் வரும். 12 மீட்டர் அலுமினியம் அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் நீளும், சுருங்கும். இடம் கொடுக்காவிட்டால் அதுவே எங்கேயாவது வளைந்து இடம் பண்ணிக்கொள்ளும்.

செப்டம்பர் 21

மூட்டுகளுக்கு ரிவெட் அடித்து, கசியாமல் இருக்க உள்பக்கம் சீலன்ட் பசை பூசினேன். காலை ஒன்பதரை வரை காத்திருந்தேன். குளிர்ந்த, பனித்துளி படிந்த தகரத்தில் சீலன்ட் ஒட்டாது.

மாலையில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டோம். மூன்றாவது மூட்டுக்கு முன்னால் கையகலத்துக்கு ஒரு குட்டை நின்றது. ரசமட்டத்தை வைத்தால் குமிழி அந்த இடத்தில் மட்டும் தயங்குகிறது. இரண்டு கொக்கிகளைக் கழற்றி நூலளவு தூக்கினேன். குட்டை நகர்ந்தது, பிறகு போயே போய்விட்டது. கைதட்டலாம் என்று பார்த்தேன், ஏணியில் நிற்கிறேன்.

ஏணியைப் பற்றி: பீலியில் சாய்க்கக் கூடாது. ஏணித் தலையில் மாட்டும் அகலத் தாங்கி ஒன்று உண்டு, அதைச் சுவரில் பதித்து நிற்க வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைத் தள்ளிவைக்க வேண்டும்.

அக்டோபர் 26

பைன் ஊசி கொட்டி முடிந்தது. பீலிக்குள் கையை விட்டால் ஊசியும் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரே விரிப்பாகச் சுருண்டு வருகிறது. புழுதிதான் பாலைநிலத்தின் பங்கு. காற்று கூரைமேல் கொண்டுவந்து கொட்டுகிறது, ஒரு தூறல் விழுந்ததும் சேறு, மறுநாள் வெயிலில் களிமண் ஓடு.

வலை மூடி போட்டால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். கிழக்குப் பக்கம் சின்னப் பீலியில் போட்டுப் பார்த்தேன். ஊசிகள் வலைக்கண்ணில் நட்டுவைத்த நாற்று மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. வருஷத்துக்கு இரண்டு முறை கையால் அள்ளுவது எனக்கு உத்தமமாகப் படுகிறது.

நவம்பர் 19

முதல் பெரும்பனி, 30 சென்டிமீட்டர். காய்ந்த மாவு மாதிரி, ஊதினால் பறக்கிறது. நேராக ஒரு வாளி அள்ளி அடுப்படியில் உருகவிட்டோம். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர்தான் வந்தது. பீலிக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 10

நினைத்தது தப்பு. வடக்கு ஓரத்தில் ஆளுயரத்துக்குப் பனி ஈட்டிகள் தொங்குகின்றன. அதுவும் ஒரே இடத்தில், எட்டடிக்குள். இன்று காலை கூடத்து ஜன்னலுக்கு மேலே தேநீர் சிந்திய மாதிரி ஒரு கறை. பீலிதான் அடைத்துக்கொண்டது, வாட்டம் கெட்டுவிட்டது, அடிக்கு ஒரு கொக்கி போட்டும் வீண் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் நின்று வீட்டைப் பார்த்த மகன், “அம்மா, மேல பாரு, கூரைக்கு வழுக்கை விழுந்திருக்கு” என்றான்.

உண்மைதான். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருக்க, ஈட்டி தொங்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு வட்டம் மட்டும் கறுப்பாக ஷிங்கிள், அதாவது கூரைமேல் வேய்ந்த தட்டை வில்லைகள், தெரிந்தது. வெளியே மைனஸ் எட்டு டிகிரி, வெயிலும் இல்லை. அங்கே பனியை உருக்குவது வீட்டுச் சூடு. உருகிய தண்ணீர் இறங்கி வருகிறது. ஓரத்துக்கு அடியில் வீடு இல்லை, அங்கே கூரை சில்லென்று இருக்கிறது, தண்ணீர் உறைகிறது. அடுத்து வருவது அதன்மேல் உறைகிறது. கொஞ்ச நாளில் ஒரு அணை. அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறி உள்ளே சொட்டுகிறது. பீலி இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும்.

டிசம்பர் 14, 15

கூரைக்கும் அறைகளின் உள்கூரைக்கும் நடுவே இருக்கும் இடத்துக்குள் தவழ்ந்து போனேன். அந்த வட்டத்துக்கு நேர் கீழே குளியலறை விசிறியின் குழாய், எதிலும் மாட்டாமல், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நாங்கள் நான்கு பேர் குளித்த வெந்நீர் ஆவியெல்லாம் வெளியே போவதாக நினைத்துக் கூரைக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம். கூரைப் பலகையின் ஆணி முனை ஒவ்வொன்றிலும் உறைபனி மொட்டு. விரலால் தொட்டதும் கழுத்துக்குள் விழுந்தது.

குழாயை நீட்டி வெளிச்சுவரில் விட்டு, அதற்கும் உறை போட்டேன். விளக்கு, ஒயர் போகும் ஓட்டைகளை நுரையால் அடைத்த பிறகுதான், வீட்டுச் சூடு மேலே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் விரிப்பைக் கூட்டினேன். இருந்தது ஆறு அங்குலம், இப்போது பதினான்கு. கூரை ஓரத்துக் காற்றுத் துவாரங்களை இன்சுலேஷன் மூடிவிடாமல் தடுப்பு வைத்தேன்.

இருக்கிற அணையைச் சுத்தியலால் உடைக்கக் கை துறுதுறுத்தது. உடைத்தால் ஷிங்கிளும் கூடவே வரும். பழைய காலுறை ஒன்றில் கால்சியம் குளோரைடு நிரப்பி அணைக்குக் குறுக்கே கிடத்தினேன். சாதாரண உப்பு வேண்டாம், அது இந்தக் குளிரில் சோம்பேறி, அலுமினியத்துக்கும் ஆகாது. மறுநாள் மதியம் அந்த இடத்தில் ஒரு கால்வாய் அறுந்திருந்தது.

ஜனவரி 12

பகலில் 6 டிகிரி, இரவில் மைனஸ் 14. ஈரமில்லாத காற்று, மேகமில்லாத வானம், சூரியன் போனதும் சூடெல்லாம் மேலே பறந்துவிடுகிறது. மதியம் உருகி, மாலை உறைந்து, தினமும் இதே கதை. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும். இறங்குகுழாயின் அடி முழங்கை இன்று தையலோடு பிளந்திருந்தது.

தப்பு என்னுடையது. குழாய் வாயை நடைபாதை ஓரம் விட்டிருந்தேன். காலையில் அங்கே கண்ணாடி விரித்த மாதிரி பனிக்கட்டி, அதுவே குழாய் வாயையும் அடைத்துவிட்டது. 3-க்கு 4 அங்குலக் குழாய்க்கு மாற்றி, வாயை ஆறடி தள்ளித் தோட்டத்துப் பக்கம் திருப்பினேன். குழாய்க்குள் மட்டும் ஒரு சூடேற்றும் கேபிள் விட்டிருக்கிறேன், குளிருக்குத் தகுந்தபடி தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. கூரை ஓரம் முழுக்கக் கோணல்மாணலாக ஓட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. சூடு கசியும் வீட்டை மின்சாரத்தால் மறைக்கிற வேலை அது.

பிப்ரவரி 3

மறுபடி 25 சென்டிமீட்டர். தெருவில் நின்று பார்த்தேன். கூரை முழுக்க ஒரே வெள்ளை. வழுக்கை இல்லை.

மார்ச் 8

இரவு ‘தொம்’ என்று ஒரு சத்தம். கூரைப் பனி மொத்தமும் ஒரே பாளமாகச் சரிந்திருக்கிறது. காலையில் டார்ச் எடுத்துப் போய்ப் பீலியைத் தடவிப் பார்த்தேன். உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை, பாளம் அதைத் தாண்டிக் குதித்திருக்கிறது. கீழே இருந்த செடிதான் பாவம்.

ஜூலை 23

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது, நாலேகாலுக்குக் கொட்டியது. அரை மணி நேரத்தில் 14 மில்லிமீட்டர். இந்தப் பக்கத்துக் கூரை 72 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். இறங்குகுழாய் வாயில் தண்ணீர் பழுப்பாகச் சுழன்று வந்து, ஆறடி தள்ளி மண்ணில் விரிந்து ஓடியது. அஸ்திவார ஓரம் காய்ந்தே கிடந்தது.

ஆனால் இரண்டு கூரைச் சரிவும் சந்திக்கும் மூலையில் தண்ணீர் வேகமாக வந்து பீலியைத் தாண்டி வெளியே பாய்ந்தது. மகன் அதற்கடியில் போய் நின்று நனைந்துகொண்டிருந்தான். “இது மட்டும் இப்படியே இருக்கட்டும்மா” என்றான். முடியாது. நாளைக்கு அந்த மூலையில் ஒரு சாண் தகரம் மடித்துத் தடுப்பு வைக்க வேண்டும்.