பூஸ்ட் பாட்டில் பஞ்சாயத்து

ஆடி பிறந்தா எங்க பக்கம் காத்துக்குக் கொம்பு முளைச்சிரும். செங்கோட்டைக் கணவாயில நுழையுற காத்து தென்காசி, பாவூர்சத்திரம்னு பஸ் ரூட்டைப் பிடிச்சு நேரா எங்க மொட்டைமாடிக்குத்தான் வரும். முந்தாநேத்து ராத்திரி மாடிக் கூரை ஷீட்டோட தெக்கு மூலை கழண்டு, விடிய விடிய சடசடன்னு ஒரே அடி. காலையில வாசல் தெளிக்கும்போதே எதுத்த வீட்டு ஆச்சி, "ஏ தாயி, ராத்திரி ஒங்க வீட்டுல கோயில் கொடையா? கொட்டுச் சத்தம் கேட்டுச்சே"ன்னு அம்மாட்ட விசாரிச்சாச்சு.

அப்பா மேல ஏறிப் பாத்துட்டு, உள்ளங்கையில எதையோ பொத்திக் கொண்டாந்தாங்க. துருப்பிடிச்ச ஸ்க்ரூ. தலை தனி, தண்டு தனி. துருவைச் சுரண்டினா உள்ளுக்குள்ள கறுப்பு. வீட்டுக்குள்ள ஜிப்சம் போர்டு சீலிங் அடிக்கிற ஸ்க்ரூ அது. மழைத் தண்ணி பட்டா தாங்காது. சூடேத்திக் கெட்டியாக்குன இரும்புங்கிறதால வளைஞ்சும் கொடுக்காது, பட்டுன்னு ஒடிஞ்சிரும். ஷெட்டு போட்டவரு கடைசி மூலைக்கு வந்தப்ப நல்ல ஸ்க்ரூ தீந்துபோயி, பையில கெடந்ததை ஏத்திட்டுப் போயிருக்காரு. ஆளு யாருன்னு சொல்ல மாட்டேன். போன மாசம்தான் அவரு வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வந்தோம்.

"கடைக்குப் போறேம்ப்பா"ன்னேன். "எதுக்குல கடை? நம்மகிட்ட இல்லாத ஸ்க்ரூவா?"ன்னு கழட்டுன ஸ்க்ரூவையெல்லாம் போட்டு வைக்கிற பூஸ்ட் பாட்டிலை எடுத்துட்டாங்க. பேப்பரை விரிச்சுக் கவுத்தினா, எங்க குடும்ப வரலாறே கொட்டுது. பழைய பிரிட்ஜோட முதுகுத் தகடுல இருந்தது, தம்பி காலேஜ் படிக்கையில பிரிச்சுப் போட்ட கம்ப்யூட்டர் பெட்டியில இருந்தது, செத்துப்போன வாஷிங் மெஷின்ல கழட்டுனது. முக்காவாசி ப்ளஸ் தலை. அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ்ங்கிறவரு 1936-ல காப்புரிமை வாங்கி, சீக்கிரமே கேடில்லாக் கார்ல ஏறின தலை இதுன்னேன். "ரேடியோ கம்பெனிக்காரன் ஸ்க்ரூவும் பண்ணுனானா?"ங்காங்க அப்பா. அவரு வேற பிலிப்ஸ்னு சொல்லி ஜெயிக்க முடியல. அப்பாவோட ஸ்க்ரூ டிரைவர் திருப்புன திருப்புல அந்தப் ப்ளஸ்ஸெல்லாம் வட்டக்குழி ஆயிருச்சுங்கிறது தனிக்கதை.

கூராங் கூர்ப்பா ஒண்ணை எடுத்து, "இது போதும்ல"ன்னாங்க. அது செல்ஃப் டேப்பிங். தகட்டுல தானே மரை வெட்டிக்கிடும், சரிதான். ஆனா கீழ இருக்கது ரெண்டு இஞ்ச் ஜிஐ பைப்பு, துத்தநாகம் பூசின இரும்பு. மொதல்ல ஓட்டை போட்டுக் கொடுத்தாத்தான் உள்ள போகும். கடைசியில கடைக்குத்தான் போனோம்.

ஹார்டுவேர் அண்ணாச்சி கேட்ட கேள்விய பேங்குல வீட்டுக் கடனுக்குக்கூட கேட்டதில்ல. "கலர் ஷீட்டா, ஆஸ்பெஸ்டாஸா தம்பி? ஆஸ்பெஸ்டாஸ்னா ஜே போல்ட்டுல்லா. கீழ கட்டையா, பைப்பா? பைப்பு என்ன கனம்?" அப்பா, "நல்ல கனமான பைப்புதான் வே"ன்னாங்க. அண்ணாச்சி என்னைப் பாத்தாரு. நான் கூரையில தொங்குன பிளாஸ்டிக் வாளியைப் பாத்தேன்.

அப்புறம் டப்பாவைத் தொறந்து ஒண்ணை எடுத்து வச்சாரு. செல்ஃப் டிரில்லிங். நுனியில கூர் கெடையாது, டிரில் பிட்டை நறுக்கி ஒட்டுன மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டு. தானே ஓட்டை போட்டு, தானே மரை வெட்டி, தானே உக்காந்துக்கிடும். பன்னெண்டாம் நம்பர், தண்டு 5.5 மி.மீ. ஆறுபட்டைத் தலைக்கு 8 மி.மீ. சாக்கெட். தலைக்கடியில இரும்பு வாஷர், அதுக்கடியில இபிடிஎம் ரப்பர். "சாதா ரப்பருன்னா நம்ம ஊரு வெயிலுக்கு வெடிச்சிரும், இது தாங்கும்"ன்னாரு. அப்பா ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பாட்டிலுக்கு ஒண்ணு எச்சா வாங்கணும்னு அப்பமே முடிவாயிருச்சு.

வீட்டுக்கு வந்தா, டிரில்லிங் மெஷினோட மாமா ரெடி. அவருக்குத் தகவல் போனது எப்படின்னு தெரியல. ஸ்க்ரூவை ஷீட்டோட மேட்டுல அடிக்கணுமா பள்ளத்துல அடிக்கணுமான்னு ஒரு பட்டிமன்றம். மேட்டுல அடிச்சா தண்ணி தேங்காதுன்னு மாமா. அதுக்கு நீள ஸ்க்ரூ வேணும், அழுத்துனா மேடு அமுங்கும், பள்ளம்தான் கெட்டிப் பிடின்னு அப்பா. தண்ணி ஓடுற வழியிலயே ஓட்டை போடுவீயளான்னு மாமா. ரெண்டு முறையும் உலகத்துல நடக்கத்தான் செய்யுது. பழைய ஓட்டையெல்லாம் மேட்டுல இருந்ததால மாமா ஜெயிச்சாரு.

ஆனா மாமா மெஷின் ஹேமர் மோடுல கெடந்தது. சுவர்ல ஆணிக்குத் துளை போடுற அதே குத்தைத் தகட்டுக்குக் குத்தினா ஸ்க்ரூ நுனி மழுங்கிரும். அதை மாத்தி, ரப்பர் லேசாப் பிதுங்குற வரைக்கும் மட்டும் முறுக்கி நிறுத்தினேன். இன்னும் ஒரு திருகு, இன்னும் ஒரு திருகுன்னு கீழ இருந்து ரெண்டு பேரும் கத்துதாங்க. அதிகமா முறுக்கினா ரப்பர் கிழிஞ்சு அதுவே ஒழுகும். துளைக்கையில விழுந்த இரும்புச் சீவலையும் கூட்டித் தள்ளிட்டு எறங்குனேன். விட்டு வச்சா ஒரு சாரலுக்கே ஷீட்டெல்லாம் துருக்கறை.

எல்லாரும் காப்பி குடிச்சிக்கிட்டு ஷீட்டு இப்ப அசையுதான்னு காது கொடுத்துக்கிட்டிருக்கையில, அம்மா குக்கரைக் கொண்டாந்து நடுவுல வச்சா. "அப்படியே இந்தக் கைப்பிடியையும் மாட்டிக் குடுங்க. பொங்கலுலருந்து சொல்லுதேன்."

அப்பா மூடியைத் திருப்பிப் பாத்து, பாட்டிலைக் கவுத்துத் தேடி, "இது மெஷின் ஸ்க்ரூல்லா. நுனி தட்டை, மரை நெருக்கம். இதுல ஒண்ணும் சேராது"ன்னாங்க. மாமாவும் ஆமாங்காரு. இவ்வளவு வருசமாச் சேத்த பாட்டில்ல இந்த வீட்டுல தெனமும் ஆடுற ஒரே சாமானுக்கு ஸ்க்ரூ இல்ல. அம்மா ஒண்ணும் பேசல. குக்கரை அங்கனயே விட்டுட்டு சீரியல் பாக்கப் போயிட்டா. ராத்திரிக்குப் பரோட்டா, சால்னா பார்சல். மாமாவுக்கும் சேத்துத்தான்.

நாளைக்கு அண்ணாச்சி கடைக்கு நான்தான் போகணும். எத்தன லிட்டரு, மூடிக் கைப்பிடியா பாத்திரக் கைப்பிடியா, மேல்பிடியா கீழ்ப்பிடியான்னு கேப்பாரு. பேசாம குக்கரையே பைக்குல வச்சுக் கொண்டு போகலாம்னு இருக்கேன்.