பழைய வீட்டில் குளிர்காற்றை அடைத்த அனுபவம்

கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருப்பது விக்டோரியா மகாராணி காலத்து வரிசை வீடுகளில் ஒன்று. சுவர்கள் ஒன்பது அங்குலக் கனமுள்ள செங்கல் சுவர்கள். இக்காலச் சுவர்களைப்போல நடுவே இடைவெளி கிடையாது. மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னல்கள், யாரும் பயன்படுத்தாத கணப்படுப்பு, மண்ணிலிருந்து சற்று உயரத்தில் மரச் சட்டங்களின்மேல் பாவிய பலகைத் தரை ஆகியவையும் உண்டு. குளிர்காலத்தில் ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் கணுக்கால் வரை சில்லிட்டது. அதே வீட்டின் படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சையும் படர்ந்தது.

இடுக்கு வழியாக வரும் காற்று நம் தேவையைப் பார்த்து வருவதில்லை. புயல் வீசும் நாளில் அளவுக்கு மீறி நுழையும்; அசைவற்ற மூடுபனி நாளில் ஏறக்குறைய நின்றே போகும். நாமோ எல்லா நாளும் சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், வெந்நீரில் குளிக்கிறோம், வெளியே காயாத துணியை அறைக்குள் உலர்த்துகிறோம். அந்த ஆவியெல்லாம் வீட்டிலேயே மிகக் குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. ஆகவே ஈரம் உண்டாகும் இடத்திலேயே அதை வெளியேற்ற வழி செய்துவிட்டு, அதன் பிறகே இடுக்குகளை அடைப்பது என்று முடிவு செய்தோம். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குளியலறையின் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் போட்டதே தவிர, முகப்பில் ஒரு தாளை வைத்தால் அதைப் பிடித்து நிறுத்தக்கூட அதற்கு இழுவிசை இல்லை. இங்கிலாந்துக் கட்டட விதிகளின் எஃப் பகுதி, இத்தகைய ஃபேன் குளியலறையில் நொடிக்கு 15 லிட்டரும், சமையலறையில் அடுப்புக்கு மேலுள்ள ஹூட் வெளியே தள்ளுவதானால் 30 லிட்டரும், இல்லையேல் 60 லிட்டரும் காற்றை வெளியேற்ற வேண்டும் என்கிறது. அதன்படி இரண்டையும் மாற்றினோம். வெளியேறும் காற்றுக்கு ஈடாக அறைக்குள் காற்று வர வேண்டுமல்லவா? அதற்காக உட்கதவுகளின் அடியில் 10 மி.மீ. இடைவெளி விட்டோம்.

அடைக்கும் வேலைக்கு முன் கேஸ் பாய்லரைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் காட்டினோம். எங்களுடையது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் மூடிய வகை. அறைக் காற்றை எடுக்கும் பழைய வகையாக இருந்தால், அதற்கென்று உள்ள திறப்பைத் தொடவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் பொருத்தினோம்.

பிறகு காற்று பலமாக வீசிய ஒரு நாளில் ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக நடந்தேன். நேராக எழும் புகை, சுவரடிப் பலகைக்கு அருகில் கொண்டுபோனதும் வளைந்து தரையோடு படுத்தது. சிங்கின் அடியில் குழாய் நுழையும் துளை, பரண் மூடி, கடிதம் போடும் துவாரம் ஆகிய இடங்களிலும் அப்படியே. சாஷ் ஜன்னல்களுக்குத் தச்சர் தூரிகைப் பட்டை பதித்துக் கொடுத்தார். குளிர் மட்டுமல்ல, காற்றில் அவை கடகடவென்று ஆடுவதும் நின்றது.

மிகுந்த கவனம் தேவைப்பட்டது தரைக்குத்தான். வெளிச்சுவரின் அடியில் உள்ள துளைச் செங்கற்களைச் சிமெண்டால் பூசிவிடலாம் என்று மதிப்பீடு தர வந்த ஒருவர் சொன்னார், நான் இணங்கவில்லை. அந்தத் துளைகள் வழியே தரையடியில் காற்று ஓடாவிட்டால் மரச் சட்டங்கள் ஈரம் கோத்து உளுத்துப்போகும். அந்தத் துளைகளை மறைத்திருந்த மண்ணையும் சருகையும் அகற்றிவிட்டு, அறைக்குள் பலகை இடுக்குகளையும் சுவரடிப் பலகையின் கீழ்விளிம்பையும் மட்டும் நெகிழும் பசையால் அடைத்தோம். புகைபோக்கியில் கம்பளி அடைப்பானைச் செருகினோம்; அது சிறிதளவு காற்றை விடுவதால் உள்ளே ஈரம் தேங்காது. கணப்படுப்பைத் தவறியும் மூட்டிவிடக் கூடாது என்று ஓர் அட்டையும் மாட்டியிருக்கிறோம்.

குளிர்காலக் காலைகளில் 80 விழுக்காட்டைத் தாண்டிய படுக்கையறை ஈரப்பதம் இப்போது பெரும்பாலும் 60க்குள் நிற்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். கழுவித் துடைத்த பூஞ்சை திரும்பவில்லை. துணி உலர்த்துவதை மட்டும் குளியலறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிடுகிறோம்.