“ஓம் பிள்ளை” என்ற மறுமொழியும் 16 அலகு இன்சுலினும்

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் பெண்கள் மருத்துவ விடுதியில் நான் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். சில வருடங்களுக்கு முன்னர், மாரி மழை தொடங்கிக் காய்ச்சல் நோயாளர்களால் விடுதி நிறைந்திருந்த ஒரு மாலையில், ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய இன்சுலினை வேறொருவருக்கு ஏற்றிவிட்டேன். அந்தத் தவறை வைத்தியரிடமும் குடும்பத்தாரிடமும் சொன்னது, எழுத்தில் அறிக்கையிட்டது, பின்னர் விடுதியின் நடைமுறையை மாற்றியது ஆகியவற்றை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

அன்று கட்டில்கள் போதாமல் நிலத்திலும் மெத்தை விரித்திருந்தோம். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து சலரோகத்துடன் (நீரிழிவுடன்) வந்த ஓர் அம்மாவும், மாங்குளம் பக்கத்திலிருந்து காய்ச்சலுடன் வந்த ஓர் அம்மாவும் ஒரே பெயருடையவர்கள். மதியம் ஒருவரைச் சாளரத்தோரத்திலிருந்து மாற்றிப் படுக்க வைத்தோம்; காலையில் கடமையைப் பொறுப்பேற்றபோது என் மனதில் பதிந்திருந்தது பழைய கட்டில்தான். இராச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர், கலப்பு இன்சுலின் 16 அலகை எடுத்துக்கொண்டு, ரிக்கெற்றை, அதாவது நோயாளரின் விபரமும் மருந்தும் எழுதிய அட்டையை, தள்ளுவண்டியிலேயே விட்டுவிட்டு, அந்தக் கட்டிலடிக்குப் போய் அவருடைய பெயரைச் சொல்லி, “நீங்கள்தானே அம்மா?” என்று கேட்டேன். “ஓம் பிள்ளை” என்றார். வயிற்றில் ஊசியைப் போட்டேன்.

அந்த “ஓம்” பற்றிப் பின்னர் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் பகுதி மூத்தவர்கள் வெள்ளைச் சீருடை அணிந்தவரின் கேள்விக்கு இல்லை என்று சொல்வது மரியாதைக்குறைவு என நினைப்பவர்கள். காது மந்தமானவர்களும் கேட்டதாகக் காட்டிக்கொண்டு தலையாட்டுவார்கள். இடப்பெயர்வுக் காலத்திலும் முகாம்களிலும் வரிசையில் நின்று, பெயர் வாசிக்கப்படும்போது தாமதியாமல் ஓம் சொல்லாவிட்டால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும் என்று பழகிப்போன தலைமுறையும் இதுதான். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக்கொண்டு நான் கேட்டேன். அவர் அதைத் திருப்பித் தந்தார்.

பத்து நிமிடங்களில் கஞ்சிப் போத்தலுடன் மகள் வந்தார். “அம்மாவுக்கு ஏன் வயித்தில ஊசி போட்டனீங்கள்? அவவுக்குச் சீனி வருத்தம் இல்லையே” என்று கேட்டார். ரிக்கெற்றை ஓடிப்போய் எடுத்துப் பார்த்தபோது கைகள் நடுங்கின. யாரும் பார்க்கவில்லை, கஞ்சி குடிக்கத்தானே போகிறார் என்று ஒரு நினைப்பு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் அந்த நினைப்பு வராத தாதியர் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கடமையிலிருந்த வைத்தியரை உடனே அழைத்தேன்.

விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராம் இருந்தது. அந்த எண்ணைக் கண்டு ஆறுதலடைய முடியாது. கலப்பு இன்சுலினின் ஒரு பகுதி அரை மணித்தியாலத்தில் வேலை செய்யத் தொடங்கும். மற்றப் பகுதி பல மணித்தியாலங்களுக்குப் பிறகே உச்சத்துக்கு வந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை உடலில் நிற்கும். ஆகவே முதல் பரிசோதனை நன்றாக இருப்பதால் ஆளை உறங்க விட்டுவிடக் கூடாது. உடனே கஞ்சியைக் குடிக்கச் செய்து, மணிக்கொரு தடவை பார்ப்பதென்று வைத்தியர் தீர்மானித்தார். இரவு ஒன்பது மணிக்கு 61 ஆக இறங்கியது. நெற்றி வியர்த்து, உள்ளங்கை குளிர்ந்திருந்தது. 70க்குக் கீழ் இறங்கினால் காத்திருக்கக் கூடாது. விழிப்பாக இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். 15 நிமிடத்தில் மீண்டும் குத்தியபோது 84. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சேலைன் ஏற்றத் தொடங்கினோம். விடியப்புறம் மீண்டும் சற்று இறங்கினாலும் மயக்க நிலைக்குப் போகவில்லை. உரிய அம்மாவுக்கும் பிந்தித்தான் என்றாலும் சாப்பாட்டுக்கு முன் ஊசி கிடைத்தது.

மகளிடம் சொல்ல வேண்டியதை நானே சொன்னேன். வைத்தியர் சிங்களவர், தமிழ் அரைகுறையாகத்தான் வரும். ஆனாலும் என் பக்கத்திலேயே நின்றார். என்ன மருந்து, எவ்வளவு, ஏன் தவறியது, இனி என்ன நடக்கலாம், என்ன செய்கிறோம் என்று ஒன்றையும் மழுப்பாமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “விடிய மட்டும் நீங்கள் இஞ்ச நிப்பீங்களோ?” என்றார். என் கடமை நேரம் முடிந்த பின்னும் நின்றேன்.

மறுநாள், சம்பவ அறிக்கைப் படிவத்தை எழுதுவதுதான் எனக்கு அந்த இரவைவிடக் கடினமாக இருந்தது. “ஒண்டும் நடக்கேல்லத்தானே, ஏன் எழுதிறாய்?” என்று அன்பினால்தான் சிலர் கேட்டார்கள், விசாரணை, இடமாற்றம் என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. எழுதும்படி ஊக்கியவர் எங்கள் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தர். முதலில் “எனது கவனக்குறைவினால்” என்று தொடங்கியிருந்தேன். வைத்தியசாலையின் தர முகாமைத்துவப் பிரிவு வைத்தியர் அந்தச் சொல்லை வெட்டச் சொன்னார். நேர ஒழுங்கில் நடந்ததை மட்டும் எழுதும்படி சொன்னார். எழுதியபோதுதான் எனக்கே விளங்கியது: ஒரே பெயர், மாறிய கட்டில், தள்ளுவண்டியில் நின்றுவிட்ட ரிக்கெற், விடையைச் சேர்த்தே கேட்ட கேள்வி ஆகிய நான்கில் ஒன்றைத் தடுத்திருந்தாலும் ஊசி ஆள்மாறிப் போயிருக்காது. கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் அடுத்த மாரியில் அதே நான்கும் அப்படியே இருந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே நோயாளர் பாதுகாப்புக்கான ஒன்பது தீர்வுகளில் ஆளடையாளத்தையும் சேர்த்திருந்தது. குறைந்தது இரண்டு அடையாளங்களால் ஆளை உறுதிசெய்ய வேண்டும், அறை இலக்கம் அவற்றில் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2019 முதல் செப்டெம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது; எங்கள் வாசலிலும் பதாகை கட்டியிருக்கிறோம். ஆனால் பெயரும் பிறந்த திகதியும் என்ற பாடம் எங்கள் விடுதியில் அப்படியே செல்லாது. போரில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்த மூத்தவர்கள் பலருக்குத் தங்கள் பிறந்த திகதி சரியாகத் தெரியாது. ஆகவே நாங்கள் பெயரை அவர் வாயால் சொல்லக் கேட்கிறோம். கணவர் அல்லது தகப்பனார் பெயரையும் ஊரையும் கேட்கிறோம். அவற்றை ரிக்கெற்றுடன் கட்டிலடியிலேயே ஒப்பிடுகிறோம். ஒரே பெயருடையவர்கள் இருந்தால் இரண்டு ரிக்கெற்றிலும் சிவப்புத் தாள் ஒட்டுகிறோம். இன்சுலின் என்றால் இன்னொருவர் அலகை வாசித்துப் பார்க்கிறார். சிங்களத் தாதியர் “உங்கள் பெயரைச் சொல்லுங்கள், கணவர் பெயர் என்ன, எந்த ஊர்” என்ற மூன்றையும் சிங்கள எழுத்தில் எழுதித் தள்ளுவண்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது பார்க்காமலே சொல்கிறார்கள்.

இரவில் இருவர் மட்டும் கடமையில் இருக்கும்போது அலகை வாசிக்க இன்னொருவர் கிடைப்பது அரிது. அது இன்னும் தீரவில்லை. பேச முடியாதவர்களின் நிலை அதைவிடச் சிக்கலானது. வயலில் பாம்பு கடித்து நினைவில்லாமல் கொண்டுவரப்படுபவருடன், கொண்டுவந்த முச்சக்கரவண்டிக்காரர் மட்டுமே நிற்பதுண்டு. அப்படியானவருக்குப் பெயர் தெரியும்வரை ரிக்கெற் இலக்கத்தைப் பிளாஸ்டரில் எழுதி அனுமதிக்கும் இடத்திலேயே மணிக்கட்டில் ஒட்ட வேண்டும் என்று கேட்டு, வெளிநோயாளர் பிரிவுடன் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.