நொண்டும் பிராய்லர் கோழிகள்: ரியோ வைரஸா என்று உறுதி செய்வது எப்படி

நாலைந்து வாரத்தில், எடை நன்றாக ஏறிய கோழிகள் நொண்டத் தொடங்கினால் கை முதலில் ஆன்டிபயாடிக் பக்கம்தான் போகும். காரணம் மூட்டையும் தசைநாணையும் தாக்கும் ரியோ வைரஸ் என்றால் அது வீண் செலவு. வைரஸுக்கு மருந்து கிடையாது. கூடவே பாக்டீரியா தொற்று இருந்தால்தான் ஆன்டிபயாடிக்குக்கு வேலை.

நாங்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது கணுக்கால் மூட்டுக்கு மேலே, காலின் பின்புறத்தை. அங்கே தசைநாண் கயிறு போல் தடித்திருக்கும், பெரும்பாலும் இரு கால்களிலும். தோல் பச்சையாகத் தெரிந்தால் தசைநாண் அறுந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அந்தக் கோழி இனி எழுந்து தீவனத்துக்கும் தண்ணீருக்கும் போகாது. உடனே கழித்துவிடுவதுதான் நல்லது.

அறுத்துப் பார்க்கும்போது மூட்டை மட்டும் திறந்தால் போதாது. பின்புறத் தோலை முழுக்க உரித்து, தசைநாண் உறையில் வீக்கமோ, நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ரியோவில் மூட்டு நீர் கொஞ்சமாக, வைக்கோல் நிறத்தில் அல்லது ரத்தம் கலந்து இருக்கும். சீழ் நிறைந்திருந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ், பிசுபிசுப்பான வெளிர்மஞ்சள் திரவம் என்றால் மைக்கோபிளாஸ்மா சைனோவியே என்ற பாக்டீரியா தொற்றுகளைச் சந்தேகப்படலாம். இரண்டு மூன்று சேர்ந்தும் வரும் என்பதால் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மிக மோசமாக நொண்டும் கோழியைப் பிடித்து அனுப்புவார்கள். அதன் தசைநாண் ஏற்கெனவே தழும்பாகி, வைரஸும் குறைந்திருக்கும். அப்போதுதான் நொண்டத் தொடங்கிய ஐந்தாறு கோழிகளைத் தேர்ந்தெடுங்கள். மூட்டைத் திறக்காமல் காலை முழுதாக வெட்டி, ஐஸ் பேக்கில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இது வைரஸ் வளர்ப்புக்கும், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனைக்கும். தனியாக, தசைநாண் துண்டுகளையும் இதயத்தில் ஒரு துண்டையும் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் போடுங்கள். இதயத் தசை இழைகளுக்கிடையே வெள்ளணுக்கள் புகுந்திருப்பது திசுப் பரிசோதனையில் நல்ல ஆதாரம். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் ஃபார்மலின் வைரஸைக் கொன்றுவிடும், வளர்ப்புச் சோதனை போச்சு.

குடலிலோ எச்சத்திலோ ரியோ கிடைத்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரோக்கியமான கோழியிலும் இருக்கும். தசைநாணில் கிடைப்பதுதான் கணக்கு. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளக்கும் எலைசா சோதனை ஒரு தடவை பாசிட்டிவ் வந்தாலும் அப்படித்தான்; சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால்தான் பொருள். தசைநாணில் வைரஸ் உறுதியானால், அது எந்த வகை என்று காட்டும் சிக்மா சி மரபணுவை வரிசைப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமாகப் போடும் எஸ்1133 வகைத் தடுப்பூசி, வேறுபட்ட வைரஸ் வகைகளிடம் போதாமல் போகலாம். அதை அறியாமல் அதே ஊசியைக் கூட்டிப் போடுவதில் பலனில்லை.

குஞ்சு பொரிந்த முதல் நாட்களில் வைரஸ் தொற்றினால்தான் அதிகம் பாதிக்கப்படும்; இரண்டு வாரம் தாண்டினால் எதிர்ப்பு கூடும். அதனால் தீர்வு தாய்க்கோழியில். முதலில் உயிர்த் தடுப்பூசி, முட்டையிடத் தொடங்கும் முன் செயலிழந்த தடுப்பூசி என்று கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கருவழியே குஞ்சுக்குப் போகும். எந்தத் தாய்க்கூட்டத்தின் குஞ்சு என்பதைப் பொரிப்பகத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் குஞ்சுக்கு எஸ்1133 உயிர் ஊசி போடுவதாக இருந்தால் கவனம்: மாரெக்ஸ் என்ற வேறொரு வைரஸ் நோய்க்குப் போடும் ஊசியின் வேலையை அது குறைக்கும்.

ரியோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆகவே பல கிருமிநாசினிகளுக்கு அசையாது. கூளத்தை முழுக்க அள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பிறகு 0.5% ஆர்கானிக் அயோடின். ஈரத் தரையில் அடித்தால் மருந்து நீர்த்துப்போகும்.