பிக்கப் வண்டியில் கூடுதல் பெட்ரோல்: இரண்டு கேன்களை ஏற்றிச் சென்ற அனுபவம்

இடையில் ஒரு பங்க்கூட இல்லாத 420 கிலோமீட்டர் கரட்டுப் பாதையில் என் பிக்கப்பை ஓட்டிச் செல்ல முடிவெடுத்தபோது, 20 லிட்டர் ஜெர்ரி கேன்கள் நான்கை வாங்கிப் பின்கதவு ஓரமாக அடுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. முந்தைய பயணங்களில் குறித்து வைத்திருந்தபடி, இறுகிய மண் பாதையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, மணலில் லோ கியரில் போகும்போது 5 கிலோமீட்டர்தான் கொடுத்தது. 160 கிலோமீட்டர் மண் பாதைக்கு 20 லிட்டரும், மீதி 260 கிலோமீட்டர் மணலுக்கு 52 லிட்டரும் ஆக 72 லிட்டர் தேவைப்பட்டது. வழி தவறுவதற்கும் சக்கரம் புதைந்து நிற்பதற்கும் கால் பங்கு சேர்த்து 90 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். டேங்கின் கொள்ளளவு 70 லிட்டர் என்றாலும், சரிவில் வண்டி சாயும்போது டேங்கின் அடியில் கிடக்கும் பெட்ரோல், அதை என்ஜினுக்கு அனுப்பும் பம்புக்கு எட்டாமல் போகலாம் என்பதால் 65 லிட்டரை மட்டுமே கணக்கில் எடுத்தேன். பற்றாக்குறை 25 லிட்டர். அதற்கு இரண்டு கேன்கள் போதும்.

எடையையும் நான் முதலில் யோசிக்கவில்லை. பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ இருக்கும்; இரும்புக் கேனின் எடை நான்கு கிலோவையும் சேர்த்தால் நிறைந்த கேன் ஒன்று 19 கிலோ. அந்தச் சுமை பின் அச்சுக்கு அப்பால் இருந்தால் முன்சக்கரங்களின் பிடி குறையும். பின்னாலிருந்து ஏதாவது மோதினால் முதல் அடியும் கேனுக்குத்தான் விழும். ஆகவே கேன்களை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக, நிமிர்த்தி வைத்தேன். என் வண்டியின் பின்பகுதி திறந்தே இருக்கிறது. மூடிய கூடு போட்டிருந்தால் அங்கே பெட்ரோல் வைத்திருக்கவே மாட்டேன், ஏனெனில் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கலைந்து போகாமல் தரையோடு தேங்கும்.

கேன்களை வாங்கிய உடனே நிரப்பாமல் சோதித்ததற்காக இன்றும் மகிழ்கிறேன். ஒவ்வொன்றிலும் சிறிது பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியில் வடித்தபோது, ஒரு கேனிலிருந்து துருத் துகள்கள் மிளகாய்த் தூள் போல வந்து விழுந்தன. துணி சுத்தமாக வரும்வரை மூன்று முறை அலசினேன். பிறகு ஒவ்வொன்றிலும் மீண்டும் சிறிது பெட்ரோல் ஊற்றி மூடி, திறந்தவெளி நிழலில் அட்டையின் மீது படுக்க வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கேனின் மூடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்ததைக் கண்டு, அதை மாற்றினேன். கேனோடு வந்த ஊற்றுக்குழாயும் உதவவில்லை. டேங்க் வாயின் உள்ளே இருக்கும் சிறு தடுப்புக் கதவைத் தள்ளித் திறக்க முடியாத அளவுக்கு அது தடிமனாக இருந்தது. நடுவழியில் தெரிய வந்திருந்தால் கேனில் பெட்ரோல் இருந்தும் பயன்பட்டிருக்காது.

பங்க்கில் கேன்களை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்பினேன். வண்டியின் பின்பகுதியில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிற்கும் கேனில் சேரும் நிலைமின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் ஒரு பொறியாகத் தாவினால், வாயருகே இருக்கும் ஆவி பற்றிக்கொள்ளும். இதை யார் அலட்சியப்படுத்தினாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் இறக்கி ஏற்ற இரண்டு நிமிடம்தான் ஆகும். குழாய் முனையைக் கேனின் வாயில் தொட்டபடியே பிடித்து, 19 லிட்டரோடு நிறுத்தினேன். வெப்பம் 30 டிகிரி கூடினால் 20 லிட்டர் பெட்ரோல் அரை லிட்டருக்கும் மேலாக விரியும். அதற்கு இடம் வேண்டும்.

அடியில் ரப்பர் பாய் விரித்து, மேலும் கீழுமாக இரண்டு பெல்ட்டுகளால் இறுக்கியிருந்தும், அலையலையாக மேடு விழுந்த பாதையில் 40 கிலோமீட்டர் போனதும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு அவை தளர்ந்திருந்தன. அதன் பிறகு நின்ற இடத்திலெல்லாம் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

டேங்க் காலியாகும்வரை காத்திராமல், பாதியானதுமே, மறுநாள் விடியற்காலையில் என்ஜின் சூடேறுவதற்கு முன் முதல் கேனை ஊற்றினேன். கேன் வழியில் ஓட்டையானாலும் பெட்ரோல் பத்திரமாக டேங்கில் இருக்க வேண்டும் என்பதே காரணம். மூடியைச் சற்றே தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று வெளியேறியது. அது அடங்கிய பிறகே முழுவதும் திறந்தேன்.

மணல் எதிர்பார்த்ததைவிட இளகியிருந்ததால் மொத்தம் 79 லிட்டர் செலவாயிற்று. டேங்கில் 10 லிட்டரும், தொடாத இரண்டாவது கேனும் மிச்சமிருந்தன. அதை வீட்டில் சேமிக்காமல் அன்றே டேங்கில் ஊற்றிவிட்டேன். காலிக் கேன்களுக்குள்ளும் ஆவி நிறைந்திருக்கும் என்பதால், மூடியை இறுக்கி, நிறைந்த கேன்களைக் கட்டியதைப் போலவே கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.